ஊற்ற ஊற்ற ஒழுகும்

அமெரிக்காவில் வீடு வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பதில்லை. கேட்டால் ஒன்று சொல்வேன். சமையலறை எப்படி, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், வட்டி என்ன சதவீதம் என்றெல்லாம் விசாரித்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் புல் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. ஒஹையோவில் கொலம்பஸுக்கு வெளியே, ஒரு ஏக்கர் மனையோடு வீடு என்றதும் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த மன்னார்குடி மிராசுதார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஒரு ஏக்கர் என்றால் நூறு சென்ட். ஊரில் அரை சென்ட்டுக்கு அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போகிறார்கள். இங்கே நூறு சென்ட் சும்மா கிடக்கிறதே என்று நினைத்தேன். சும்மா கிடக்கவில்லை. ஏப்ரல் பிறந்ததும் நூறு சென்ட்டும் வளர ஆரம்பித்தது.

உங்கள் வீட்டுப் புல் எவ்வளவு வளரலாம் என்பது இங்கே உங்கள் சொந்த விஷயமல்ல. பல ஊர்களில் 8 அங்குலம், 10 அங்குலம் என்று உயரத்துக்கு விதி போட்டிருக்கிறார்கள். தாண்டினால் நகராட்சியிலிருந்து கடிதம் வரும். அதற்கும் அசையாவிட்டால் அவர்களே ஆள் அனுப்பி வெட்டிவிட்டு உங்களுக்குப் பில் அனுப்புவார்கள். இதை அப்பாவிடம் போனில் சொன்னேன். "அந்த ஊர்ல மாடே கிடையாதா?" என்றார். ஆயுசு முழுக்க டெல்டாவில் விவசாயம் பார்த்தவர். புல்லுக்கு அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

கையால் தள்ளுகிற மெஷினை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஒப்பேற்றினேன். தெற்கு மூலையை முடித்துவிட்டு நிமிர்ந்தால் வடக்கு மூலை மறுபடி தயாராக இருக்கும். பக்கத்து வீட்டுப் பெரியவர் இதை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். காபிக் கோப்பையோடு வேலியோரம் நிற்பதை இப்போது முழுநேர வேலையாக வைத்திருக்கிறார். அவர்தான் ஒரு நாள், "உனக்கு வேண்டியது கார்டன் டிராக்டர்" என்றார். நல்ல மனிதர். கெடுதல் நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார்.

கார்டன் டிராக்டர் என்றால் என்ன என்று தெரியாமல்தான் நானும் வாங்கினேன், ஆகவே நீங்கள் கூச்சப்பட வேண்டாம். உட்கார ஒரு சீட்டு, ஸ்டீயரிங், முன்னால் பானட், அதற்குள் இருபது குதிரைசக்திக்குக் கொஞ்சம் முன்பின்னாக ஒரு பெட்ரோல் இன்ஜின், வயிற்றுக்கு அடியில் சுற்றுகிற வெட்டுத் தகடுகள். இரண்டாம் உலகப் போர் முடிந்து, அமெரிக்கர்கள் ஊருக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டு போய்ப் புல் வளர்க்க ஆரம்பித்த காலத்தில் சூடுபிடித்த வியாபாரம் இது. 1961-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி கப் கேடட் என்று ஒன்றை விற்றது. 1963-ல் ஜான் டியர் 110 வந்தது. வயலுக்குப் பெரிய டிராக்டர் விற்றவர்களே வாசலுக்குச் சின்ன டிராக்டரும் விற்றார்கள். இதற்கு லான் டிராக்டர் என்று ஒரு தம்பி உண்டு. அது புல் மட்டும் வெட்டும். அண்ணனுக்கு அடிச்சட்டம் கனம், பின் சக்கரம் பெரிசு. கலப்பை மாட்டலாம், மண்ணைக் கிளறலாம், குளிர்காலத்தில் பலகை மாட்டிப் பனியைத் தள்ளலாம். நான் இதில் எதையும் செய்யப்போவதில்லை. இருந்தாலும், செய்யலாம் என்பதற்காகக் கூடுதல் காசு கொடுத்தேன்.

புதுசு விலை கேட்டேன்; கேட்டதோடு சரி. பழையதாகப் பார்த்து வாங்கினேன். என்னுடையது எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. பாவம், அதன் மேல் குற்றம் இல்லை என்பது போகப்போகத் தெரியும். விற்றவர் பானட்டைத் திறந்து காட்டினார். இன்ஜின் பளபளவென்று இருந்தது. வருஷக்கணக்காகப் புல்லிலும் புழுதியிலும் உழன்ற இன்ஜின், நான் பார்க்கப் போன அன்றைக்கு மட்டும் குளித்துவிட்டு நின்றது. விவரம் தெரிந்தவன் அங்கேயே சந்தேகப்பட்டிருப்பான். குனிந்து அடிப்பக்கம் பார்த்திருப்பான். வண்டி வழக்கமாக நிற்கிற இடத்தில் தரை என்ன நிறம் என்று பார்த்திருப்பான். நான் சீட்டைத் தட்டிப் பார்த்தேன். டயரை உதைத்துப் பார்த்தேன். உதைத்தால் என்ன தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, சினிமாவில் உதைக்கிறார்கள். அதற்கப்புறம் ரங்கநாதன் தெருவில் பயின்ற பேரத்தைத் தொடங்கினேன். 1,200 டாலர் சொன்னவர் 1,150-க்கு இறங்கினார். இறங்கிக்கொண்டே, பின்னால் மாட்டியிருந்த புல் பிடிக்கிற பைகளைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். அந்தப் பைகள் தனியாக 200 டாலர் என்று பிற்பாடு விசாரித்ததில் தெரிந்தது.

ஒரு வாரம் மகாராஜாவாக இருந்தேன். தொப்பி போட்டுக்கொண்டு, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு புல் வெட்டினேன். அந்த வார முடிவில் மனைவி கராஜிலிருந்து வந்து, "ஏங்க, உங்க டிராக்டர் தரையில என்னமோ பண்ணியிருக்கு" என்றாள். நாங்கள் நல்லபடியாக இருக்கும்போது அது 'நம்ம டிராக்டர்'.

போய்ப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஆயில். "பழைய வண்டின்னா அப்படித்தான் ஒரு சொட்டு ரெண்டு சொட்டு" என்றேன், மெக்கானிக் குடும்பத்தில் பிறந்தவன் தொனியில். அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நானும் நம்பவில்லை, அது என் முகத்தில் தெரிந்திருக்கும்.

சிமென்ட் தரையில் சிந்திய ஆயிலுக்கு இந்த ஊரில் கைகண்ட மருந்து பூனை மணல். வீட்டுக்குள்ளேயே வளர்கிற பூனைகள் மலஜலம் கழிப்பதற்கென்று களிமண் குருணையை மூட்டையில் அடைத்து விற்கிறார்கள். அதை ஆயில் மேல் கொட்டி, செருப்புக் காலால் நன்றாகத் தேய்த்து, ஒரு ராத்திரி விட்டுப் பெருக்கினால் முக்கால்வாசியைக் குடித்துவிடும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் அடிக்கடி பூனை மணல் மூட்டையைத் தோளில் சுமந்து வருவதைப் பார்த்து, எங்கள் வீட்டில் நாலைந்து பூனையாவது இருக்கிறது என்று தெரு முடிவுகட்டிவிட்டது. எதிர் வீட்டு அம்மாள் பூனைக்கு என்ன பெயர் என்று கேட்டாள். பூனையே இல்லை என்றால் மூட்டைக்கு விளக்கம் சொல்ல வேண்டும். நான் யோசிப்பதற்குள் என் பெண் முந்திக்கொண்டு, "இன்னும் வாங்கலை, அப்பா ப்ராமிஸ் பண்ணியிருக்கார்" என்றாள். நான் பண்ணவே இல்லை. இதற்கிடையில் நிஜப் பூனைகளுக்கும் தகவல் எட்டி, கராஜ் கதவு திறந்திருக்கும் நேரம் பார்த்து வந்து, ஆயில் படாத சுத்தமான மணலாகத் தேர்ந்தெடுத்து உபயோகித்துவிட்டுப் போக ஆரம்பித்தன.

சரி, ஒழுகினால் குறையும். குறைந்தால் ஊற்ற வேண்டும். இதில் தப்புக் கண்டுபிடிக்க முடியுமா உங்களால்? புல் வெட்டக் கிளம்புவதற்கு முன் சரிவான வாசல் பாதையில் வண்டியை நிறுத்தி, டிப் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பேன். குறைவாகக் காட்டும். கொஞ்சம் ஊற்றுவேன். கொஞ்சம் என்றால் மனசுக்குப் படுகிற அளவு. மறுபடி பார்ப்பேன். அப்போதும் குறைவாகவே காட்டும். என் மனசும் தாராளமான மனசு.

இவ்வளவு ஊற்றியும் வண்டி நன்றியோடு இல்லை. கிளம்பும்போது நீலமாகப் புகை விட்டது. ஏர் ஃபில்டரைத் திறந்தால் அது ஆயிலில் ஊறிக் கிடந்தது. தூசியை வடிகட்ட வேண்டியதற்கு ஆயிலோடு என்ன சகவாசம் என்று நான் யோசித்திருக்கலாம். புது ஃபில்டர் வாங்கி மாட்டினேன். பழையதைத் தூர எறிந்துவிட்டு, வண்டிக்கு ஒரு நல்லது செய்த திருப்தியோடு கை கழுவினேன்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ராத்திரி ஒரு பெரிய அட்டையை அடியில் விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் சொட்டுகளெல்லாம் ஆயில் வடிக்கிற அடைப்புக்கு நேர் கீழே. அடைப்பை இறுக்கினேன். நிற்கவில்லை. ஆயில் ஃபில்டரை மாற்றினேன். நிற்கவில்லை. பெரியவர் வேலியோரம் வந்து, "டிப் ஸ்டிக்கை மோந்து பார், பெட்ரோல் வாடை வருகிறதா?" என்றார். கார்புரேட்டர் ஊசி சரியாக மூடாவிட்டால் பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்து, ஆயில் நீர்த்துப்போய் அளவும் ஏறிவிடுமாம். நல்ல கேள்விதான். மோந்து பார்த்தேன். எங்கள் சமையலறை ஜன்னல் கராஜை ஒட்டி இருக்கிறது. "பெருங்காய வாடைதான் வருகிறது" என்றேன். அவர் காபியைக் குடித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு பழுதுபார்க்கும் கடைக்கும் போன் போட்டேன். அடியில் சொட்டுகிறது என்றால் கிராங்க் ஆயில் சீலாக இருக்கலாம், இன்ஜினையே இறக்கிப் பார்க்க வேண்டும் என்றார்கள். சொன்ன கூலி, வண்டி விலையில் பாதிக்கு மேல். அதுவும் மே மாதம். ஊரிலுள்ள அத்தனை புல்வெட்டிகளும் அங்கே வரிசையில் நிற்கிற காலம். ஜூலையில் பார்க்கலாம் என்றார்கள். ஜூலைக்குள் என் புல்லில் யானை மறையும்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவும் அம்மாவும் ஆறு மாத விசாவில் வந்து இறங்கினார்கள். அப்பா பயணக் களைப்புத் தீர்ந்ததும் நேராக டிராக்டரிடம் போனார். ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கலப்பை எங்கேடா?"

"உழறதுக்கு இல்லப்பா. புல்லு வெட்ட."

"வெட்டின புல்லு?"

"அங்கேயே விட்டுடுவோம்."

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் மனக்கண்ணில் எத்தனை மாடுகள் பட்டினியோடு வரிசையாக நின்றன என்று எனக்குத் தெரியாது. பிறகு குனிந்தார். நான் பூனை மணல் கொட்டியிருந்த இடத்தைக் காலால் விலக்கினார். கரண்டு மோட்டார் வருவதற்கு முன்னால் கொல்லையில் ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்தவர் அவர்; எங்களைப் படிக்கவைத்ததில் அந்த இன்ஜினுக்குப் பாதிப் பங்கு உண்டு.

"ஒழுகுதே."

"சீல் போயிருக்கும்ப்பா. அடியில இருக்கு. பெரிய வேலை."

"யாரு சொன்னா?"

"அடியிலதானே சொட்டுது."

"ஏன்டா, நம்ம ஓட்டு வீட்டுல கூடத்துல சொட்டினா, கூடத்துக்கு நேர் மேலே இருக்கிற ஓட்டை மாத்தினா நின்னுடுமா? எங்கேயோ ஒடைஞ்ச ஓட்டுல தண்ணி நுழைஞ்சு, ரீப்பரைப் பிடிச்சிக்கிட்டு நடந்து வந்து இங்க எறங்கும். ஆயிலுக்கும் கால் உண்டு. மேலேருந்து பாரு."

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியவர் தலையாட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்கு அவர் பேசுகிற இங்கிலீஷ் பிடிபடாது. ஆனால் அப்பா விரலால் இன்ஜினின் உச்சியிலிருந்து அடிவரை ஒரு கோடு இழுத்துக் காட்டியதும் அவர் கோப்பையை வேலிக்கம்பத்தின் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் தினம் சந்தித்தார்கள். பொது மொழி கிடையாது. என்னைப் பற்றி இருவருக்கும் பொதுக் கருத்து மட்டும் இருந்தது.

முதலில் கழுவு என்றார்கள். காரணம் இருக்கிறது. இந்த இன்ஜின்களுக்கு ரேடியேட்டர் கிடையாது. காற்றுதான் குளிர்விக்க வேண்டும். அதற்காக மேலே சுற்றுகிற சக்கரத்திலேயே விசிறி வைத்திருக்கிறார்கள். எங்கோ ஒரு சொட்டுக் கசிந்தாலும் அந்த விசிறி அதை இன்ஜின் முழுக்கத் தெளித்துவிடும். அதன் மேல் புல்தூள் ஒட்டும். அப்புறம் எல்லா இடமும் குற்றவாளியாகத்தான் தெரியும். இன்ஜின் ஆறினபிறகு, கார்புரேட்டரையும் ஒயர்களையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டி, எண்ணெய்ப் பிசுக்கு நீக்குகிற திரவம் அடித்து, தேய்த்துக் கழுவிக் காயவைத்தோம். கழுவி முடித்ததும் அது வாங்கின அன்றைக்கு இருந்த அதே அழகில் இருந்தது. எனக்கு ஒரு விஷயம் அப்போது புரிந்தது. மனைவிக்கு முன்னாடியே புரிந்திருந்தது.

அடுத்தது பவுடர். காய்ந்த இன்ஜின் மேல் வெள்ளைப் பவுடரைத் தூவி ஓடவிட்டால், கசிகிற இடத்தில் முதலில் ஈரக்கோடு விழும். ஆயிலில் கலக்கிற சாயம் ஒன்றும் கடையில் விற்கிறது. ஊதா விளக்கு அடித்தால் கசிகிற இடம் பளிச்சென்று ஒளிரும். ஆனால் வீட்டில் பவுடர் இருக்கும்போது சாயத்துக்கு ஏன் செலவு என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் இருந்தது அம்மாவின் கோகுல் சாண்டல். ஆறு மாதத்துக்கென்று கணக்குப் பண்ணி ஊரிலிருந்து பெட்டியில் வைத்து எடுத்து வந்தது. நான் தாராளமான மனசு என்று முன்பே சொல்லியிருக்கிறேன். முழு டப்பாவையும் கொட்டி இன்ஜினை ஓடவிட்டேன். விசிறி தன் கடமையைச் செய்தது. பவுடரில் ஒரு பங்கு இன்ஜின் மேலும், மீதி அப்பா மேலும், பெரியவர் மேலும், என் மேலும் படிந்தது. சூடு ஏற ஏறச் சந்தன வாசனை தெரு முனை வரை போயிற்று. பூஜை என்று நினைத்துக் கைகூப்பியபடியே வெளியே வந்த அம்மா, டப்பாவைப் பார்த்ததும் கையை இறக்கினாள்.

"ஒரு டிராக்டருக்குப் போட்டியாடா என் பவுடரை?"

நான் பதில் சொல்வதற்குள் அப்பா, "அந்தா பாரு" என்றார். இரண்டு சிலிண்டர் இன்ஜின் அது. வலது சிலிண்டரின் தலையில் வால்வு கவர் என்று ஒரு மூடி இருக்கிறது. அதன் விளிம்பில் வெள்ளைப் பவுடர் கறுத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து ஒரு மெல்லிய கோடு இறங்கி, தகரத்தின் மடிப்பில் வளைந்து, அடிச்சட்டத்தைப் பிடித்து நடந்து, ஆயில் அடைப்புக்குப் பக்கத்தில் போய் நின்று, கீழே குதித்தது.

இன்ஜினை இறக்க வேண்டாம். ஒரு பேக்கிங் மாற்றினால் போதும். "கல்யாணப் பத்திரிகை அட்டை கெட்டியா ஒண்ணு குடு, நானே வெட்டித் தரேன்" என்றார் அப்பா. நான்தான் கம்பெனி பேக்கிங் போடுவோம் என்று வாங்கி வந்தேன். கம்பெனி சாமான் என்றால் கம்பெனி முறைப்படி இறுக்க வேண்டாமா? கையேட்டில் போல்ட்டுக்கு 80 இன்ச்-பவுண்டு என்று போட்டிருந்தது. அளவு பார்த்து இறுக்குகிற டார்க் ரெஞ்சை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி, 80-ல் வைத்து இறுக்கினேன். இறுக்கினேன். இன்னும் இறுக்கினேன். அது ஃபுட்-பவுண்டு ரெஞ்ச். ஒரு ஃபுட்-பவுண்டு என்பது 12 இன்ச்-பவுண்டு. 80 வருவதற்கு வெகுநேரம் முன்னாலேயே 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. அளவு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். போல்ட்டின் தலை ரெஞ்சோடு என் கையில் வந்திருந்தது.

உடல் உள்ளே. அலுமினியத்துக்குள் முறிந்த போல்ட்டை எடுப்பதற்கு இடப்பக்கமாகச் சுற்றுகிற துளைமுனை என்று ஒன்று உண்டு. துளைக்கும்போதே கழற்றுகிற திசையில் சுற்றுவதால், அதிர்ஷ்டம் இருந்தால் போல்ட்டும் கூடவே கழன்று வந்துவிடும். பெரியவர் வீட்டில் அது இருந்தது. இந்த நாளுக்காகவே இத்தனை வருஷம் வைத்திருந்ததாக அவர் முகம் சொன்னது. மரை கெடாமல் எடுத்துக் கொடுத்தார். எடுக்கும்வரை விளக்குப் பிடிக்கிற வேலை எனக்கு. அதையும் சரியாகப் பிடிக்கவில்லை என்று அப்பா வாங்கிக்கொண்டார்.

பேக்கிங் மாற்றி ஓட்டினேன். ஒரு சொட்டு இல்லை. அன்று ராத்திரி வீட்டில் பாயசம். அடுத்த தடவை புல் வெட்டிவிட்டு வந்து பார்த்தால் வலது மூடியிலும் கசிவு, இடது மூடியிலும் கசிவு. மனைவி பாயசப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆக்கிட்டீங்க" என்றாள்.

அப்பா மட்டும் கலங்கவில்லை. "ரெண்டு பக்கமும் புதுசா கசிஞ்சா பேக்கிங் மேல தப்பு இல்ல. உள்ளே காத்து தள்ளுது. மூச்சுக்குழல் அடைச்சிருக்கும்" என்றார். பெரியவர் வந்து, ஒரு வார்த்தையும் புரியாமலே, "பிரீதர்" என்றார்.

விஷயம் இதுதான். பிஸ்டன் கீழே இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அடியிலுள்ள காற்றை அமுக்குகிறது. அந்தக் காற்று வெளியே போக ஒரு வழி வேண்டும். அந்த வழியில் நாக்கு மாதிரி மெல்லிய ஒரு தகடு வைத்திருக்கிறார்கள்; காற்றை வெளியே விடும், உள்ளே திரும்ப விடாது. அது ஒழுங்காக இருந்தால் இன்ஜினின் வயிற்றுக்குள் காற்றழுத்தம் வெளியில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஆயில் வெளியே வர நினைத்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். தகடு அழுக்கேறி ஒட்டிக்கொண்டால் அழுத்தம் ஏறும். அப்புறம் எந்தப் பேக்கிங் இளப்பமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். ஒன்றை மாற்றினால் அடுத்த இளப்பத்தைத் தேடும்.

இதைச் சோதிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கண்ணாடியாகத் தெரிகிற பிளாஸ்டிக் குழாயை வளைத்து, வளைவில் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப் ஸ்டிக் ஓட்டையில் ரப்பர் தக்கை வைத்துச் செருக வேண்டும். மறு முனை திறந்திருக்கும். இன்ஜின் நல்லதாக இருந்தால் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கும். 4 அங்குலமாவது ஏற வேண்டும் என்று சில இன்ஜின் கையேடுகளே சொல்கின்றன. கெட்டதாக இருந்தால் எதிர்ப்பக்கம் தள்ளும். தண்ணீர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்று அம்மா ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டுக் கொடுத்தாள். பவுடர் விஷயத்தை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். அங்குலக் கணக்குப் பார்க்க மகளின் ஸ்கேலை எடுத்துக்கொண்டு, திறந்த முனைக்கு மேலே முகத்தை வைத்துக் குனிந்து, "ஸ்டார்ட் பண்ணுங்கப்பா" என்றேன்.

அங்குலம் பார்க்க அவகாசம் இருக்கவில்லை. அவ்வளவு மஞ்சள் தண்ணீரும் என் முகத்துக்கு வந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் கேட்டது: "மஞ்சத்தண்ணி தெளிச்சாச்சு. தலையை ஆட்டுங்க."

ஆட்டிவிட்டேன், அனிச்சையாக.

பிரீதர் மூடியைக் கழற்றினால் உள்ளே அந்தத் தகடு கறுப்புப் பிசினில் முக்கி எடுத்த நிலையில் ஒட்டிக் கிடந்தது. புதுத் தகடும் பேக்கிங்கும் சேர்த்து 15 டாலருக்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு பிசின் எப்படி வந்தது என்று பெரியவருக்கு மட்டும் சந்தேகம். ஆயில் முழுவதையும் வடித்து அளந்து பார்க்கலாம் என்றார். அந்த இன்ஜின் கொள்வது 2 குவார்ட், நம் கணக்கில் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வடித்தோம். வந்துகொண்டே இருந்தது. 3 குவார்ட்டைத் தாண்டியும் வந்தது. இரண்டு பெரியவர்களும் பாத்திரத்தைப் பார்த்தார்கள், பிறகு சரிவான வாசல் பாதையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

கையேட்டில் எல்லாம் இருக்கிறது. வண்டியைச் சமதரையில் நிறுத்து, இன்ஜின் ஆறட்டும், குச்சியைத் துடைத்துவிட்டு மறுபடி செருகிப் பார் என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. குச்சியைத் திருகி மூடிப் பார்ப்பதா, சும்மா உட்காரவைத்துப் பார்ப்பதா என்பதுகூட இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், அதுவும் போட்டிருக்கிறது. சரிவில் நிறுத்தினால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிக் குச்சி பொய் சொல்லும். பொய்யை நம்பி ஊற்றினால், அதிகமான ஆயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்கும். நுரை பிரீதருக்குள் ஏறி அதை அடைக்கும். மீதி ஏர் ஃபில்டருக்குப் போகும். எரிந்து நீலப் புகையாகும். அழுத்தம் ஏறி வால்வு கவர் வழியாக ஒழுகும். ஒழுகுகிறதே என்று நான் ஊற்றுவேன்.

"ஆயில் ஒழுகலடா," என்றார் அப்பா. "நீ அதிகமா குடுத்ததை அது திருப்பிக் குடுத்திருக்கு. நாணயமான வண்டி."

வடித்த ஆயிலைக் கேனில் பிடித்து வாகன உதிரிபாகக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த நாட்டில் பல கடைகளில் பழைய ஆயிலைக் காசில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள். புது ஆயிலை அளந்து ஊற்றினார் அப்பா. நான் டப்பாவைத் தொடக் கூடாது என்று ஏற்பாடு. அதற்குப் பிறகு தரையில் விரித்த அட்டை அப்படியே சுத்தமாகக் கிடக்கிறது. புல் வெட்டுகிற உரிமையும் என் கையை விட்டுப் போய்விட்டது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அப்பாதான் ஓட்டுகிறார். ஏர் ஓட்டின கை. கோடு கோணாமல் சால் சாலாகப் போகிறார். எதிர் வீட்டு அம்மாள் தன் வீட்டுக்கும் இவர் வருவாரா, எவ்வளவு கூலி என்று என்னிடம் விசாரித்தாள். வெட்டின புல்லை மட்டும் அவருக்கு விட்டுவிட மனசு வரவில்லை. அள்ளி மேப்பிள் மரத்தடியில் போராகக் குவித்து வைத்திருக்கிறார். யாருக்கு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஒழுகல் நின்றுவிட்டதால் கராஜில் பிரிக்காத பூனை மணல் மூட்டைகள் தங்கிவிட்டன. தள்ளுபடியில் மொத்தமாக வாங்கியது. கடையில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். கொலம்பஸ் பக்கம் இருக்கிற வாசகர்கள், பூனை வளர்ப்பவர்களாக இருந்தால், வந்து இலவசமாக எடுத்துக்கொண்டு போகலாம். பூனையை மட்டும் தயவுசெய்து கூட்டி வந்துவிடாதீர்கள். என் பெண் வீட்டில் இருப்பாள்.